கொள்ளுப்பாட்டனாரைத் தேட வில்லங்கச் சான்று: பதிவுத்துறைத் தளம் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

வம்சாவளி தேடித் தருவதாகச் சொல்லிச் சந்தா வாங்கும் வெளிநாட்டுத் தளங்கள் நிறைய இருக்கின்றன. மதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று அவற்றில் தாத்தா பெயரைத் தட்டினால் பெரும்பாலும் வெறும் பக்கம்தான் வரும். அந்தத் தளங்களுக்கு மூலதனம் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளும். முதலாவது நம்மூரில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத்தான் உதவும். இரண்டாவதை 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் யார் கண்ணிலும் காட்ட விடாது.

அப்படியானால் நம் பாட்டன்மார் தங்கள் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில், வயது எல்லாவற்றையும் எழுதி, சாட்சி வைத்து, கைநாட்டு போட்டு வைத்த இடம் எது? சார்பதிவாளர் அலுவலகம். அதன் இணைய வாசல் டிஎன்ரெஜிநெட் தளம். நிலம் வாங்குபவர்களுக்காகக் கட்டிய சேவை இது. குடும்ப வரலாறு தேடுகிறவர் கையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். நிலமே இல்லாமல் கூலி வேலை செய்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இதில் கிடைப்பது மிகக் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடிசை மனை ஒன்று இருந்திருந்தாலும் தேடிப் பார்க்கலாம்.

சர்வே எண் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது

ஒரு நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடுவது வில்லங்கச் சான்று. அதைப் பார்வையிடும் பக்கத்தில் பெயர் போட்டுத் தேடும் பெட்டி கிடையாது. வம்சாவளிக்காரருக்கு இதுதான் முதல் ஏமாற்றம். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தேதி வரம்பு, புல எண் (சர்வே எண்), உட்பிரிவு எண் என்று வரிசையாகக் கேட்கும். இல்லாவிட்டால் ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே தேடல் கணினியில் தொடங்குவதில்லை, வீட்டுப் பரணில் தொடங்குகிறது. தகரப் பெட்டியில் பத்திரம் இல்லாவிட்டாலும் கிஸ்தி (நிலவரி) ரசீது இருக்கும். அதில் பசலி என்னும் வருவாய்த்துறை ஆண்டும் பட்டா எண்ணும் இருக்கும். பட்டா எண் கிடைத்தால் அரசின் ‘எங்கள் நிலம்’ சேவையில் சிட்டாவைத் திறந்து அந்தப் பட்டாவில் உள்ள புல எண்களை எடுத்துவிடலாம். பட்டா எண் பழசாக இருந்து இப்போது பொருந்தவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 10(1) சிட்டாவில் பெயரைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்த ரசீதும் இல்லை என்றால் ஊரில் பக்கத்து வயல்காரர் பத்திரத்தைக் கேளுங்கள். அதன் நான்கெல்லை விவரத்தில் “இன்னார் நஞ்சைக்கு மேற்கு” என்று உங்கள் தாத்தா பெயர் நின்றுகொண்டிருக்கும்.

புல எண் கையில் வந்ததும் பலர் செய்யும் தவறு, அதை அப்படியே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்று மூடிவிடுவது. 1979இல் தொடங்கி 80களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் உட்பிரிவுகள் மாறின. இன்று 45/2ஏ1 ஆக இருப்பது 1976இல் 45/2 ஆக இருந்திருக்கலாம், அல்லது பத்திரம் எழுதியவர் வெறும் 45 என்று எழுதிவிட்டிருக்கலாம். கிராமத்து நிலங்களைப் புல எண் வரிசையில் பட்டியலிடும் அ-பதிவேட்டின் பிரதி எடுத்தால் பழைய புல எண்ணுக்கென்று தனிப் பத்தி இருக்கும். அதைப் பார்த்து 45, 45/2, 45/2ஏ, 45/2ஏ1 என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். நகரமாக மாறிவிட்ட ஊர் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று இன்னொரு அடுக்கு ஏறியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பட்டியலைக் கேட்டு வாங்காமல் அங்கே ஓர் அடியும் நகராது.

அலுவலக எல்லையும் நகர்ந்திருக்கும். இன்று ஓர் அலுவலகத்தில் இருக்கும் கிராமம் 1960இல் பக்கத்துத் தாலுகா அலுவலகத்தில் இருந்திருக்கலாம். பழைய பத்திரத்தின் பின்பக்கத்துப் பதிவு முத்திரையில் எந்த ஊர் சப்-ரிஜிஸ்ட்ரார் என்று இருக்கிறதோ அதுதான் நம்பகமான முகவரி.

ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது

பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் விவரம் கணினியில் ஏறியிருக்கிறது. சில இடங்களில் அதற்கும் பிந்தி. இந்தக் காலத்துக்குள் தளம் நன்றாகவே வேலை செய்கிறது. வரும் அட்டவணையில் ஆவண எண், எழுதிய நாள், பதிவான நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர்கள், எழுதி வாங்கியவர்கள், தொகுதி எண், பக்க எண், கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண் எல்லாம் இருக்கும். நிலம் வாங்குபவர் தொகையைப் பார்ப்பார். நாம் பார்க்க வேண்டியது தன்மை, பெயர் வரிசை, முந்தைய ஆவண எண் ஆகிய மூன்று பத்திகள்.

தன்மைப் பத்தியில் ‘பாகப்பிரிவினை’ என்று கண்டால் அன்றைக்கு நல்ல நாள். பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே காகிதத்தில் வரிசையாக நிற்பார்கள், பெரும்பாலும் மூத்தவர் முதலாக. ‘விடுதலை’ என்று இருந்தால் அதைவிட நல்லது என்று சொல்லத் தோன்றுகிறது. கல்யாணமாகிப் போன பெண்கள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் அது. புகுந்த ஊர், கணவர் பெயர், வயது மூன்றும் அதில் கிடைக்கும். குடும்ப மரத்தில் பெண் கிளைகள் அறுந்துபோகும் இடத்தில் ஒட்டுப்போடும் காகிதம் இதுதான். உறவினருக்குச் சொத்தை எழுதிவைக்கும் ‘செட்டில்மெண்ட்’ உறவு முறையை வெளிப்படையாகச் சொல்லும்: “என் சகோதரி பேரன்”, “என்னை ஆதரித்து வரும் என் இளைய தாரத்து மகன்” என்கிற மாதிரி. ‘ஒத்தி’யும் (நிலத்தை அனுபவத்துக்கு விட்டுக் கடன் வாங்குவது) அடமானமும் உறவைக் குறைவாகச் சொன்னாலும் கஷ்ட காலத்தைச் சொல்லும். எந்தக் கடனைத் தீர்க்க, எந்தக் கல்யாணச் செலவுக்கு என்று காரணம் எழுதியிருப்பார்கள்.

பெண்கள் எந்தக் காலத்தில் பத்திரத்தில் தோன்றுகிறார்கள் என்பதற்குச் சட்டக் கணக்கு உண்டு, தெரியாமல் தேடினால் தப்பான முடிவுக்கு வருவோம். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்னால் மகன் இருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு இல்லை. 1937இன் சட்டம் விதவைக்கு மட்டும் ஆயுள்வரை ஒரு பங்கு கொடுத்தது. ஆகவே 1948ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினையில் அத்தை பெயர் இல்லை என்பதால் அத்தையே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அந்தத் திருத்தம் விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தத்துக்குப் பிறகுதான் விடுதலைப் பத்திரங்களில் அக்கா தங்கை எல்லாரும் தவறாமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

1975 என்னும் சுவரைத் தாண்டுவது

தளத்தை மட்டும் நம்பியவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். தாண்டும் வழியும் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. 1975க்குப் பிறகான முதல் ஆவணத்தின் நகலை வாங்குங்கள். சான்றில் இருக்கும் சுருக்கம் போதாது, முழு நகல் வேண்டும். சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தி அதில் இருக்கும். நடை பெரும்பாலும் இப்படி இருக்கும்: “ஷெ சொத்தானது எங்கள் பாட்டனாருக்கு 1938ஆம் வருஷம் 1 புத்தகம் 142 வால்யூம் 87 முதல் 89 வரை பக்கங்களில் 627 நெம்பராகப் பதிவான கிரயப் பத்திர மூலம் பாத்தியப்பட்டு…”. ‘ஷெ’ என்றால் மேற்படி. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். இந்த ஒரு வாக்கியம் நாற்பது ஆண்டு தேடலை மிச்சம் பண்ணுகிறது. எண், ஆண்டு, அலுவலகம் மூன்றும் இருந்தால் 1938க்கு நேராக நகல் மனுப் போட்டுவிடலாம். அந்த 1938 பத்திரம் இன்னும் பழைய ஒன்றைச் சொல்லும். தமிழ்நாட்டில் பதிவு முறை 1864ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வேர்விட்டது என்பதால், அதிர்ஷ்டமிருந்தால் இப்படிப் படிப்படியாக இறங்கி மூன்று நான்கு தலைமுறை போய்விடலாம்.

பத்திரத்தில் அப்படிப்பட்ட குறிப்பு இல்லையென்றால் கைத்தேடல்தான். கட்டணம் ஆண்டுக் கணக்கில் ஏறும். முதல் ஆண்டுக்கு ஒரு தொகை, அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அதைவிடக் குறைவு. 1900 முதல் 1974 வரை என்று மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிட, ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு குடிபெயர்வு என்று ஏதாவது ஒன்றைச் சுற்றிப் பத்துப் பத்து ஆண்டாகத் தேடுவது செலவுக்கும் நேரத்துக்கும் நல்லது.

தளத்தில் இல்லாத பெயர்த் தேடல் அலுவலகத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 55ஆம் பிரிவின்படி முதல் அட்டவணை பெயர்வாரியானது, இரண்டாம் அட்டவணை சொத்துவாரியானது. 57ஆம் பிரிவின்படி, நிலப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயில்கள் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ மட்டும்தான் நகல். அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்கலாம், ஆகவே தாத்தாவின் இறப்புச் சான்றோடு போங்கள். நிலத்தோடு சம்பந்தமில்லாத இதரப் பத்திரங்கள் 4ஆம் புத்தகத்தில். அதன் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்கள் பிரதிநிதிகளுக்கும் மட்டும். சுவீகாரம் (தத்து) பற்றித் துப்புத் துலக்குபவர்கள் முட்டிக்கொள்ளும் கதவு பெரும்பாலும் இதுதான்.

நகல் கைக்கு வந்த பிறகு

பழைய பத்திரம் ஒன்றின் தலைப்பை எடுத்துக்கொள்வோம். “பிரஜோற்பத்தி ௵ ஆனி ௴ 12 ௳ … கிராமத்திலிருக்கும் சுப்பையா குமாரர் விவசாயம் வயது சுமார் 40 ராமசாமிக்கு, ௸ ஊரிலிருக்கும் …”. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். பிரஜோற்பத்தி 1931லும் வரும், 1871லும் வரும். அறுபது வருஷச் சுழற்சியில் ஒரு சுற்று தவறினால் தாத்தா தன் தாத்தாவாகிவிடுவார். பக்கத்தில் ஆங்கிலத் தேதி இருந்தால் அதை வைத்துச் சரிபார்க்கலாம். கிஸ்தி ரசீதில் பசலி இருந்தால் 590ஐக் கூட்ட வேண்டும். பசலி ஜூலையில் தொடங்குவதால் பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. கன்னியாகுமரிப் பக்கம் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி; அங்கே கொல்லம் ஆண்டு. 1100 என்றால் 1924–25.

‘சுமார்’ என்ற சொல்லை மதிக்க வேண்டும். வயது நாற்பது, ஐம்பது என்று முழு எண்ணாக வந்தால் அது பத்திர எழுத்தரின் பார்வை மதிப்பீடு. ஐந்து ஆண்டு முன்பின் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று பத்திரங்களில் வரும் வயதுகளை அடுக்கிப் பார்த்தால்தான் பிறந்த ஆண்டு ஓரளவு நிற்கும். வீட்டில் சாதக நோட்டு இருந்தால் அதில் உள்ள வருஷம், மாதம், நட்சத்திரம், திதி நான்கையும் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு பொருத்தினால் ஒரே நாள்தான் சிக்கும். பள்ளிச் சான்றிதழ் தேதியைவிட அது எவ்வளவோ நம்பகம். சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் பிறந்தநாள்கள் நம் நாட்டில் எத்தனை!

வயதைவிட உறுதியானது ‘காலஞ்சென்ற’ என்ற அடைமொழி. 1934 ஒத்தியில் “சுப்பையா குமாரர் ராமசாமி”, 1941 கிரயத்தில் “காலஞ்சென்ற சுப்பையா குமாரர் ராமசாமி” என்றிருந்தால் சுப்பையா இறந்தது இந்த ஏழு ஆண்டுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பத்திரத்தில் எழுத்தர் அடைமொழியை விட்டுவிட்டிருக்கவும் கூடும் என்பதால் இன்னொரு பத்திரத்தோடு சரிபார்ப்பது நல்லது. பிறகு பழைய இறப்புப் பதிவேட்டில் அந்த ஏழு ஆண்டை மட்டும் தேடச் சொல்லி மனுக் கொடுத்தால் போதும். “மைனர் முத்துசாமிக்குத் தாயாரும் கார்டியனுமாகிய” என்று வந்தால் அந்த நாளில் தகப்பனார் உயிரோடு இல்லை என்பது கிட்டத்தட்ட நிச்சயம்.

பெயர்தான் பெரிய கண்ணி. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே புல எண்ணில் “முத்துசாமி மகன் ராமசாமி”, “ராமசாமி மகன் முத்துசாமி” என்று மாறி மாறி நான்கு தலைமுறை ஓடும். சித்தப்பா பெரியப்பா வீடுகளிலும் அதே பெயர். ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்ளாமலிருக்க நான்கெல்லையையும் சாட்சிகளையும் பாருங்கள். சாட்சிக் கையெழுத்தும், இன்னார்தான் என்று அலுவலகத்தில் நிரூபித்தவர் பெயரும் நகலின் கடைசியில் இருக்கும். அங்கே மைத்துனரும் மாமனாரும் வந்து நிற்பார்கள். ஒரே சாட்சி இரண்டு பத்திரத்திலும் இருந்தால் ஒரே குடும்பம் என்ற சந்தேகம் வலுக்கும். ‘என்கிற’ என்ற சொல்லையும், சான்றில் அதற்குப் பதில் வரும் ‘(எ)’ குறியையும் விடாதீர்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பத்திரப் பெயர் ஒன்று என்று இருந்த பாட்டிமார் அங்கேதான் பிடிபடுவார்கள்.

இன்னொன்று. அலுவலகத்தில் கிடைக்கும் பழைய நகல், மூலப் பத்திரத்தைப் பார்த்து எழுத்தர் கையால் புத்தகத்தில் பெயர்த்து எழுதியதன் நகல். ‘குப்பம்மாள்’ ‘சுப்பம்மாள்’ ஆவது அங்கேதான் நடக்கும். வீட்டில் மூலம் இருந்தால் மூலத்தையே நம்புங்கள். அதில் எழுதத் தெரியாதவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘கீறல்’ என்று எழுதி ஒரு கோடு இருக்கும். 1978க்கு முந்தைய ணா, றா, லை, னை எழுத்து வடிவங்களும் இளையவர்களைத் தடுக்கும். பெரியவர் ஒருவரை இரண்டு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டால் மூன்றாவது பக்கத்தில் கண் பழகிவிடும்.

சான்று மௌனமாக இருந்தால்

‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்று வந்தால் குடும்பம் அங்கே இல்லை என்று பொருளல்ல. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. அன்றைக்கு நூறு ரூபாய் என்பது எத்தனையோ துண்டு நிலங்களின் முழு விலையைவிட அதிகம். வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். தகப்பனுக்குப் பின் மகன் என்று எந்தப் பத்திரமும் இல்லாமல் பட்டா மட்டும் மாறிய நிலங்களும் அப்படியே. இவை பதிவுத்துறையில் இருக்காது, வருவாய்த்துறையில்தான் இருக்கும். இனாமாக (மானியமாக) நிலம் பெற்ற குடும்பமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1860களின் இனாம் பதிவேடுகளைப் பார்க்கலாம். அனுபவித்தவரின் பெயரும் உறவும் அதில் இருக்கும்.

மதிப்பெண் கேட்டால்: 1975க்குப் பிந்தைய தேடலுக்கு ஐந்துக்கு நான்கு. பெயர்த் தேடல் இல்லாததற்கு ஒன்றைக் கழித்தாயிற்று. அதற்கு முந்தைய காலத்துக்குத் தளத்துக்கு ஒன்றரை, அலுவலகத்து அட்டவணைப் புத்தகங்களுக்கு நான்கு. முதல் முறை போகிறவர்கள் வெள்ளைத்தாளில் கிராமம், பழைய புல எண், புதிய புல எண், தேடும் பத்தாண்டு, தெரிந்த பெயர்கள் ஐந்தையும் எழுதிக்கொண்டு போங்கள். முகூர்த்த நாளில் மட்டும் போக வேண்டாம். அன்றைக்கு அங்கே பத்திரம் பதிய வந்த கூட்டத்தில் நிற்கக்கூட இடமிருக்காது.